டஸ்டர் யார் கையில்?

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வல்லம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் ஆசிரியை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் என் எண்ணைக் கொடுத்தாராம். வகுப்பறையில் எடுக்கும் முடிவுகளில் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அஞ்சாவதுன்னா கூடப் பரவால்ல டீச்சர். எனக்கு ஒண்ணாவது, ரெண்டாவது. பென்சில் எங்கன்னு கேட்டாலே அழுவுதுங்க. இதுங்க இன்னா டீச்சர் முடிவு பண்ணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் கால் மணி நேரம் பேசியும் போதவில்லை. அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அந்தப் பெருமைக்கு நடுவே நான் செய்த பெரிய தப்பு ஒன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்.

நான் அவலூர்பேட்டைக்காரி. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் படித்ததை ஒரு வரியில் அடக்கிவிடலாம்: வகுப்பில் சத்தம் வந்தால் ஆசிரியர் சரியில்லை. கைகட்டு, வாய்பொத்து. அதைத்தான் மூன்று பள்ளிக்கூடங்களில் செய்தேன். நன்றாகவே செய்தேன். என் வகுப்பில் பிள்ளைகள் இருமுவதற்குக்கூட அனுமதி கேட்பார்கள்.

நாலாவதாக வந்து சேர்ந்தது செஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஊர் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். நாலாவதும் ஐந்தாவதும் தலைமையாசிரியரிடம். ஒன்றாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து என்னிடம். அட்டை வைத்துப் பாடம் நடத்திய காலம் அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்காருவார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர்.

தலைமையாசிரியர் ஏகாம்பரம் சார் ஒல்லியான மனிதர். நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையை விரிப்பார். எழுந்திருக்கும்போது அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"இதுக்கு ஜி.ஓ. இருக்குதாம்மா?"

அரசாணை இல்லாமல் சார் தும்மக்கூட மாட்டார் என்று சத்துணவு ஆயாம்மா கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எல்லாம் ஒரு ஜன்னலில் ஆரம்பித்தது. எங்கள் அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறக்கும். காற்றும் வரும், ராஜகிரி மலையும் தெரியும். அந்த இடத்துக்குத் தினமும் சண்டை. "டீச்சர், இவ என் எடத்துல குந்திக்கினா" என்று காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி வரைக்கும் ஓயாது. ஒருநாள் எனக்குத் தலைவலி. "நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, என்னை விடுங்க" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பயிற்சிகளில் பெரிய பெரிய பெயர் வைத்துச் சொல்கிற காரியத்தை நான் தலைவலியில்தான் தொடங்கினேன்.

முதலில் கையைத் தூக்கச் சொன்னேன். தினமும் இடம் மாறி உட்காரலாமா என்று கேட்டேன். இருபத்திரண்டு கை. வேண்டாமா என்று கேட்டேன். அதற்கும் இருபத்திரண்டு கை. சில பேர் இரண்டு கையையும் தூக்கினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கை தூக்குவதே ஒரு விளையாட்டு, எதற்கு என்பதெல்லாம் அப்புறம்தான்.

அதனால் புளியங்கொட்டைக்கு மாறினோம். ஆளுக்கு ஒரு கொட்டை. ஒரு கொட்டை இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இரண்டு கொட்டாங்குச்சி வைத்தோம். ஒன்றாவது படிக்கிறவர்களுக்குப் படிக்க வராது என்பதால் ஒன்றில் இலை, ஒன்றில் மீன் வரைந்தேன். சரி என்றால் இலை, வேண்டாம் என்றால் மீன். இதிலும் சிக்கல் வந்தது. மூன்றாவது படிக்கிற நித்யா எதில் போடுகிறாள் என்று பார்த்து எல்லாரும் அதிலேயே போட்டார்கள். நித்யா வாயாடி, கெட்டிக்காரி, ஊரில் பெரிய வீட்டுப் பெண். அப்புறம் கொட்டாங்குச்சிகளைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்தோம். ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரவேண்டும். முதல் நாள் ஒரு குழந்தை தனக்குக் கொடுத்ததென்று நினைத்துக் கொட்டையை வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டது. தரணி என்று ஒன்றாவது படிக்கிற பெண், மீன் படம் பிடித்திருக்கிறதென்று எதைக் கேட்டாலும் மீனில்தான் போடுவாள். கடைசி வரைக்கும் அவளை மாற்ற முடியவில்லை.

பேசுவதற்கும் ஒரு முறை வேண்டியிருந்தது. டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மட்டும் பேசலாம். பேசி முடித்ததும் கேட்கிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். சாக்பீஸ் தூள் எல்லார் மூஞ்சியிலும் அப்பியிருக்கும், ஆனால் சத்தம் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் என்று வழக்கமானது. ஜன்னல் இடம் முறை வைத்து மாறியது. யார் தண்ணீர் பிடிப்பது, மழை வந்தால் எந்த விளையாட்டு, எல்லாம் இலைக்கும் மீனுக்கும் போனது. ஏகாம்பரம் சார் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, ஜி.ஓ. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் நடுவில் பேசிவிட்டேன். நித்யா டஸ்டரைத் தூக்கிக் காட்டினாள். "டீச்சர், உங்க கையில டஸ்டர் இல்ல." பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு போட்டார்கள்: டஸ்டர் இல்லாவிட்டால் டீச்சரும் பேசக்கூடாது. இலையில் இருபத்தொன்று, மீனில் தரணியுடையது ஒன்று. அன்று செஞ்சி பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகும்வரைக்கும் எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் அரையாண்டு விடுமுறை முடிந்து வந்ததும், அடிபம்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஏதாவது பயிர் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் பூச்செடி வைக்கலாம் என்றேன். மல்லாட்டை போடலாம் என்றார்கள் பிள்ளைகள். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். இலைதான் ஜெயித்தது, அதாவது மல்லாட்டை. ஆளுக்கு இரண்டு விதை ஊன்றினோம். குச்சி நட்டு அட்டையில் பெயர் எழுதிக் கட்டினோம். மழைத் தூறலிலும் போய்ப் பார்ப்பார்கள். மஞ்சள் பூ பூத்த அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் ஒரு வரிசைச் செடி முழுக்கப் பிடுங்கிக் கிடந்தது. ஒன்பது செடி. பிஞ்சு பால்கூடப் பிடிக்கவில்லை. அந்த ஒன்பது செடிக்கு நடுவே இரண்டாவது படிக்கிற கோகிலா, கையெல்லாம் மண்ணாக உட்கார்ந்திருந்தாள். காலனிப் பெண். அதிகம் பேச மாட்டாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். செஞ்சிக்கு லோடு ஏற்றப் போகும்போது அவளைக் காலையில் முதல் ஆளாகப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவார்.

பிள்ளைகள் அழுத அழுகை சாதாரணமானதல்ல. சொந்தப் பெயர் எழுதிய செடி ஆயிற்றே. மதியம் கூட்டம் கூடியது. நான் பின்னால் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை முடித்துக்கொண்டிருந்தேன். என் கையில் டஸ்டர் இல்லை. அவர்களே பேசித் தீர்க்கட்டும், எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் என்று உள்ளுக்குள் பூரிப்பு வேறு.

டஸ்டர் ஒவ்வொரு கையாகச் சுற்றியது. என் செடி போச்சு, என் செடி போச்சு என்றார்கள். கடைசியில் நித்யா கைக்கு வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"கோகிலா எல்லார் கால்லயும் வுழணும். அதுவரைக்கும் யாரும் அவகூடப் பேசக் கூடாது. தண்ணி குடுக்கக் கூடாது."

எனக்குப் பேனா நின்றுவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. எப்படியும் மீனில் போட்டுத் தோற்கடித்துவிடுவார்கள், அப்படி அவர்களே தோற்கடித்தால் அதுதான் பாடம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொருவராகக் கரும்பலகைக்குப் பின்னால் போய் வந்தார்கள். எண்ணினோம். இலையில் பத்தொன்பது. மீனில் இரண்டு. ஒன்று தரணி. இன்னொன்று யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோகிலா போடவே இல்லை. காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் இலையில்தான் போட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டால் தெரிந்தது.

நான் எழுந்திருக்கும் முன்பே கோகிலா எழுந்துவிட்டாள். நேரே நித்யா முன்னால் போய் முட்டி போட்டு, நெற்றி தரையில் படும்படி விழுந்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. எங்கோ பார்த்துப் பழகியவள் போல விழுந்தாள். ஏழு வயது. எழுந்து அடுத்த பிள்ளை முன்னால் விழுந்தாள். மூன்றாவது ஆளிடம் போகும்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"நிறுத்து!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. நித்யா டஸ்டரைத் தூக்கிக் காட்டினாள். கேலியாக இல்லை, நிஜமாகவே எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

"டீச்சர், உங்க கையில டஸ்டர் இல்ல."

கோகிலா ஓடிவிட்டாள். பையைக்கூட எடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அடிபம்பு தாண்டி, கம்பிவேலிச் சந்தில் நுழைந்து போய்விட்டாள். அந்தச் சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீட்டுக்குப் போகவும் துணிச்சல் வரவில்லை. வெட்கம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் அப்பா சேகர் வந்தார். ஆட்டோவை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, செருப்போடு நேராக ஏகாம்பரம் சார் அறைக்குப் போனார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை.

"டிசி குடுங்க சார். செஞ்சில சேத்துக்கறன்."

"உக்காருப்பா."

"உக்கார வரல சார். எங்க நைனா இந்த ஊர்ல கால்ல வுழுந்தாரு. கோயிலாண்ட, கூட்டத்துல. நான் பக்கத்துல நின்னு பாத்தன். அப்ப எனக்கு எம் பொண்ணு வயசு. அதுக்கப்புறம் எங்க தெருவுல யாரும் வுழல. வுழ மாட்டோம்னு முடிவு பண்ணி நின்னோம். எம் பொண்ணு ஏன் சார் வுழணும்? அதுவும் பள்ளிக்கூடத்துல?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அந்தக் கேள்வி வரவில்லை.

"நீ கேட்டா டிசி குடுக்கணும், அது சட்டம். நான் குடுப்பேன். மூணு நாள் டைம் மட்டும் குடு. தப்பு இந்தக் கட்டடத்துல நடந்துச்சு. சரி பண்றதும் இங்கயே நடக்கணும்."

சேகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மூணு நாள்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழுதுகொண்டே சொன்னேன். "அந்தத் தீர்ப்பை இப்பவே ரத்து பண்ணிடறேன் சார். இனிமே கூட்டமே வேணாம்."

"பண்ணுங்க. அந்தக் கொட்டாங்குச்சி ரெண்டையும் சத்துணவு அடுப்புல போட்டுடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அதே தணிந்த குரலில் தொடர்ந்தார். "நீங்க ரத்து பண்ணா அதுங்க கேட்டுக்கும். டீச்சர் சொல்லிட்டாங்க, அவ்ளோதான். நீங்க இருக்கற எடத்துல யாரும் யார் கால்லயும் விழ மாட்டாங்க. நீங்க இல்லாத எடத்துல?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எப்படித் தொறந்தீங்களோ அப்படியே, கூட்டம் போட்டே மூடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை நாலாக மடித்தார். இத்தனை நாள் நான் கிண்டல் செய்த மனிதர் அவர். என் கொட்டாங்குச்சிகளை என்னைவிட மதித்தவரும் அவர்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்று மாலை கோகிலா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் நின்றுகொண்டு உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான். கோகிலா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடாத அந்தப் புளியங்கொட்டையை மூன்று நாளாக விடவில்லை என்றார் அம்மா. நான் கீழே உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை யாருமே அவளிடம் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"ஏம்மா செடியப் புடுங்கின?"

இடது கையால் கதவைச் சுரண்டினாள். அப்புறம் மெதுவாக வந்தது.

"பூ மேலதான டீச்சர் பூக்குது. காய் எப்பிடிக் கீழ போவுது?"

"அதைப் பாக்கவா?"

"ம். எஞ் செடியப் புடுங்கனன். பூ உதுந்த எடத்துலேருந்து ஊசி மாரி ஒண்ணு எறங்கி மண்ணுக்குள்ள போயிருந்துச்சு. அதோட நுனிலதான் பிஞ்சு. என்து மட்டும் அப்பிடியா, எல்லாத்துதும் அப்பிடியான்னு பாத்தன்." திடீரென்று அவள் கண் விரிந்தது. "எல்லாத்துதும் அப்பிடித்தான் டீச்சர் போவுது!"

பிறந்ததிலிருந்து மல்லாட்டை தின்கிறேன். வேகவைத்து, வறுத்து, சட்னி அரைத்து. ஒருநாளும் எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. அந்தக் குழந்தையைத்தான் இருபது நிமிடம் நடுவில் உட்காரவைத்து, இருபத்தொரு பேர் பேசி, டஸ்டரை அவள் கையில் மட்டும் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்லியிருந்தோம். நான் அதை வேடிக்கை பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் வகுப்பில் கூட்டம் போட்டேன். மற்ற பிள்ளைகளைப் போலவே கையைத் தூக்கி டஸ்டர் கேட்டேன். கொடுத்தார்கள்.

"எம்மேல ஒரு புகார் இருக்குது. வெள்ளிக்கிழமை நீங்க போட்ட முடிவு தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். செடி பிடுங்கினதவிட அது பெரிய தப்பு. அப்ப எனக்கும் அதே தீர்ப்புதானே?"

நான் எழுந்து போய்த் தரணி முன்னால் முட்டி போட்டேன். குழந்தைகளைப் பயமுறுத்திவிட்டேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை. என் கை தரையில் பட்டதும் தரணி வீரிட்டு அழுதாள். பாயிலிருந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"வேணா டீச்சர், வேணா!" என்று கத்தினாள் நித்யா.

"ஏன் வேணாம்?"

"நீங்க பெரியவங்க."

"அப்ப சின்னவங்க விழலாமா?"

நித்யா கண்ணெல்லாம் தண்ணீர். "கூட்டம்னா அப்பிடித்தான் டீச்சர். எங்க தாத்தா கோயிலாண்ட கூட்டத்துல அப்பிடித்தான் சொல்லுவாரு. நான் அவரு மடியில குந்திக்கினு பாத்துருக்கறன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூட்டம் போடுங்கள் என்று நான் சொன்னேன். அவர்களுக்குத் தெரிந்த ஒரே கூட்டம் அதுதான். நான் புளியங்கொட்டையையும் டஸ்டரையும் கொடுத்தேன், மீதியை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நித்யா மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது. எட்டு வயதுப் பெண் தான் கண்டதைச் செய்தாள். நான்தான் கண்டும் காணாமல் இருந்தேன்.

டஸ்டர் சுற்றியது. "கோகிலா வுழுந்தப்ப நான் கண்ண மூடிக்கினன்" என்றது ஒரு குழந்தை. எல்லாரும் இலையில் போடுவார்கள் என்று நினைத்துப் போட்டதாகச் சொன்னது இன்னொன்று. கடைசியில் யாரோ கேட்டார்கள், "கோகிலா இல்லாம எப்பிடி முடிவு பண்றது?" அவளை வரச் சொல்லலாம் என்றார்கள். அவள் ஏன் வர வேண்டும், நாம்தான் போக வேண்டும் என்றாள் நித்யா. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

நான் சாரிடம் ஓடினேன். வேலை நேரத்தில் இருபத்தொரு பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக வேண்டும். சார் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதுக்கு ஜி.ஓ. இருக்குதாம்மா?"

"இல்ல சார்."

நடமாட்டப் பதிவேட்டை எடுத்தார். சிவப்பு மையில் எழுதினார்: களப்பயணம், நிலக்கடலைச் செடி குறித்து நேரில் அறிதல். தன் வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டார். சத்துணவு ஆயாம்மாவை அங்கே பார்த்துக்கொள்ளச் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்து வந்தார்.

பள்ளியிலிருந்து காலனி அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தத் தெருவுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. திருப்பத்தில் நித்யா நின்றுவிட்டாள். "வூட்ல திட்டுவாங்க டீச்சர்." நானும் நின்றேன். பின்னால் சார் குடையோடு அப்படியே நின்றார். அவளாகவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளாகவே நடந்தாள்.

சேகர் அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். இத்தனை பிள்ளைகளைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நித்யா வாசலில் நின்று, கதவுக்குப் பின்னால் இருந்த கோகிலாவிடம் டஸ்டரை நீட்டினாள்.

"நீ பேசு."

கோகிலா வாங்கிக்கொண்டாள். பூ உதிர்வது, ஊசி இறங்குவது, மண்ணுக்குள் பிஞ்சு பிடிப்பது, எல்லாம் சொன்னாள். இடது கையில் டஸ்டர், வலது கையை இன்னும் மூடித்தான் வைத்திருந்தாள். பிள்ளைகள் தெருவிலேயே குந்தி உட்கார்ந்து கேட்டார்கள். "அப்பிடியா? என்துலயும் எறங்கிச்சா?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். "என்னக் கூப்ட்டிருந்தா நானும் பாத்திருப்பன்ல" என்று கோபித்துக்கொண்டாள் நித்யா. "எல்லாரயும் கேட்டுட்டுப் புடுங்கியிருக்கணும், அது எந் தப்புதான்" என்றாள் கோகிலா. அதைச் சொல்லும்போது அவள் தலை குனியவில்லை.

அங்கேயே, சேகர் வீட்டு வாசலில் ஓட்டு நடந்தது. கொட்டாங்குச்சிகளை லோடு ஆட்டோவுக்குப் பின்னால் வைத்தோம். விதி இரண்டு, சேர்த்து ஒரே ஓட்டு. எந்தத் தப்புக்கும், யாரும், யார் காலிலும் விழக் கூடாது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் கையில்தான் முதலில் டஸ்டர். கோகிலா நாலு நாள் வைத்திருந்த கொட்டையைக் கொண்டுபோய்ப் போட்டாள். வியர்வையில் ஊறி அது பளபளவென்று இருந்தது. எண்ணினோம். இலையில் இருபத்தொன்று, மீனில் ஒன்று. "தரணி!" என்று எல்லாரும் கத்தினார்கள். மீன்தான் அழகா இருக்குது என்றாள் அவள். சேகர்கூடச் சிரித்துவிட்டார்.

"டிசி?" என்று கேட்டார் ஏகாம்பரம் சார்.

"வேணா சார்" என்று சொல்லிவிட்டு, சேகர் உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நித்யா இரண்டு சொம்பு குடித்தாள்.

ஏப்ரலில் அறுவடை நடந்தது. ஒன்பது செடி குறைவாக இருந்தும் ஆளுக்குக் கைநிறைய வந்தது. ஆயாம்மா அடுப்பில் வேகவைத்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தின்றோம். அந்த வாரமே நித்யாவின் தாத்தா பள்ளிக்கு வந்து, பேத்தியைக் காலனிக்குக் கூட்டிப்போனது யார் என்று குதித்தார். ஏகாம்பரம் சார் அவர் முன்னால் நடமாட்டப் பதிவேட்டைத் திறந்து வைத்து, "களப்பயணம்ங்க, பதிவாயிருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். நான் ஓய்வு பெறும்வரைக்கும் ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகளுக்கு அந்த இரண்டு விதியைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன். அவர்களும் அதை மறுபடி ஓட்டுக்கு விட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த இளம் ஆசிரியை போன் செய்த அதே வாரம், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாரோ "டீச்சர்!" என்று கூப்பிட்டார்கள். சேகர். இப்போது பெரிய வண்டி வைத்திருக்கிறார். கோகிலா லேப் டெக்னீஷியன் படிக்கிறாளாம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுக் கிளம்பப் போனேன். அவர் விடவில்லை.

"ஒரு சேதி டீச்சர். போன வாரம் ஊர்ல கூட்டம். எங்க தெருப் பையன் வண்டியில வந்து ஊர்ப் பெரியவர் ஒருத்தர இடிச்சிட்டான். பெரிசா அடி இல்ல. ஆனா கூட்டம் போட்டுட்டாங்க. பையன நடுவுல நிக்க வெச்சி, ஆளாளுக்குப் பேசனாங்க. கடசில கால்ல வுழச் சொன்னாங்க. நாங்கெல்லாம் எழுந்துட்டோம். பெரிய சண்டையாயிருக்கும். அந்த நேரத்துல நித்யா வந்துச்சு."

"எந்த நித்யா?"

"உங்க நித்யாதான். காலேஜ் படிக்குதே. பொம்பளைங்க வராத எடம் டீச்சர் அது. நேரா நடுவுல வந்து நின்னுச்சு. அவங்க தாத்தா போம்மான்னு சொல்றாரு, போவல. 'யாரும் யார் கால்லயும் வுழக் கூடாது. இத்தன பேரு பேசனீங்களே, மொதல்ல அவன் கையில டஸ்டரக் குடுத்தீங்களா?'ன்னு கேட்டுச்சு."

சேகர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூட்டமே பேந்தப் பேந்த முழிக்குது. டஸ்டரான்னு ஒருத்தனுக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சுது டீச்சர். எங்கூட நின்ன நாலஞ்சு பசங்களுக்குப் புரிஞ்சுது, எல்லாம் உங்க கிட்ட படிச்சதுங்க. 'ஆமா, அவன் கையில குடுங்க'ன்னு அதுங்களும் கத்திச்சுங்க. அப்புறம் பையன் பேசனான். பிரேக் புடிக்கலன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டான், நின்னுக்கினே. ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிக்கினு போறன்னான். கூட்டம் முடிஞ்சு போச்சு."

எனக்கு ஏற வேண்டிய பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் சாருக்குப் போன் போட்டேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே. நீங்க இல்லாத எடத்துலன்னு."

"கேட்டேன்."

"இப்ப பதில் வந்திருக்குது சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு டஸ்டர்னேவா சொல்லிச்சு?"

"டஸ்டர்னேதான் சார்."